டவர் உள்ள இடம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் இப்போதைய தலைவருக்கு வயது ஒன்பது மாதம். என் சித்தப்பா மகளின் மகன். அவன் எங்கே போனாலும் செய்தி வந்துவிடும். திற்பரப்பு அருவியில் முதன்முதலாகத் தண்ணீரில் கால் நனைத்ததை நான்கு கோணங்களில் அனுப்பினார்கள். முட்டம் கடற்கரையில் காற்றுப் பட்டுத் தும்மியதற்குத் தனி வீடியோ. அந்தத் தும்மலுக்குக் குழுவில் பதினேழு இதயங்கள் விழுந்தன. பதினைந்து வருடமாக எழுதுகிற எனக்கு எந்தக் கட்டுரைக்கும் அவ்வளவு வந்ததில்லை.

வளைகுடா வேலையெல்லாம் முடித்து வீட்டோடு இருக்கும் சித்தப்பா, அந்தத் தும்மலைச் சத்தம் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். “இந்த மனுசனுக்கு என்னவோ ஆயிப்போச்சு” என்று சித்தி போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அப்படிச் சிரிக்கிற உரிமை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கைபேசி எங்கள் பக்கத்துக்கு வந்த புதிது. எங்கள் வீடு புதுக்கடைக்குப் பக்கத்தில். சித்தப்பா இரண்டு மாத லீவில் வந்து, இராஜாக்கமங்கலத்தில் பெண் பார்த்து, கல்யாணம் செய்து, சவுதிக்குத் திரும்பிப் போயிருந்தார். அவருடைய மகள், என் தங்கச்சி, அதற்குப் பிறகு பிறந்தாள். எட்டு மாதம் ஆகியும் அவர் அவளைப் பார்க்கவில்லை. மார்த்தாண்டத்து ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய போட்டோவில் குழந்தை கடைசி நொடியில் தலையை ஆட்டிவிட்டதால், அவளுக்கு இரண்டு மூக்கு இருந்தது.

அதுவரை சித்தப்பா பக்கத்து வீட்டு டெலிபோனில்தான் கூப்பிடுவார். அந்த வீட்டுப் பலாமரம் மதிலைத் தாண்டி வந்து எங்கள் ஓட்டின்மேல் ஒரு சக்கையைப் போட்டது. என் பெரியப்பா அதை வெட்டி, எல்லோருக்கும் சுளை பங்கு வைத்தார். உடைந்த ஓட்டுக்கு விழுந்த சக்கை ஈடு என்பது அவருடைய வாதம். மறுநாள் முதல், எங்களுக்கு வரும் அழைப்புகளுக்குப் பக்கத்து வீட்டில் ‘ராங் நம்பர்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால்தான் சித்தப்பா ஒரு கைபேசியை வாங்கி, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நண்பர் மார்த்தாண்டத்தில் சிம் கார்டு வாங்கிப் போட்டு, நம்பரைச் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியை எங்கள் வீட்டில் வைத்தார். எங்கள் முற்றத்தில் நான்கு திசைக்கும் நடந்து பார்த்துவிட்டு, “இங்க ரேஞ்சு இல்ல கேட்டியளா” என்று சொல்லிப் போய்விட்டார். கூடவே வந்த கடிதத்தில் சித்தப்பா எழுதியிருந்தார்: ‘டவர் உள்ள இடத்தில் போய் நிற்கவும். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுவேன். மறுநாள் எங்களைப் பாலைவனத்துக்குள் ஒரு முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆறு மாதம் அங்கே போன் கிடையாது. அதற்குமுன் பாப்பாவின் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும்.’

பெரியப்பா பத்திரம் எழுதுபவர். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் அதில் வில்லங்கம் உண்டு என்று நம்புகிறவர். ரேஞ்சு வேறு, டவர் வேறு என்று தீர்ப்புச் சொன்னார். ரேஞ்சு என்பது போனுக்குள்ளே இருக்கிற ஏதோ ஒன்று. டவர் என்றால் கோபுரம். கோபுரம் உள்ள இடம் என்றால் உயரமான இடம். தம்பி தெளிவாகத்தானே எழுதியிருக்கிறான்? மாதா கோவில் மணிக்கூண்டில் கைக்குழந்தையோடு ஏற விடமாட்டார்கள். முட்டம் கலங்கரை விளக்கத்தில் படி அதிகம். கடைசியில் மாத்தூர் தொட்டிப்பாலம் முடிவாயிற்று. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆற்றுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் தண்ணீரையே கொண்டுபோகிறார்கள், ஒரு போன் பேச்சு போகாதா?

மார்த்தாண்டம் சந்தை முக்கில், வாழைக்குலைக் கடை வாசலில் நின்றாலே பேசியிருக்கலாம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் தொட்டிப்பாலம் என்றதும் பெரியம்மா புளிச்சோறு கிண்டக் கிளம்பிவிட்டாள். உல்லாசப் பயணம் என்று ஆனபிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்ய மாட்டார்கள்.

பெரியப்பாவின் இன்னொரு பலவீனம் இன்டர்நெட். மார்த்தாண்டத்தில் புதிதாக வந்த பிரவுசிங் சென்டரில் வாரம் ஒரு தடவை போய் உட்கார்ந்து, உலகச் செய்திகளைப் பிரின்ட் எடுத்து வருவார். “பேப்பர்ல வாறத எவனோ இருந்து எழுதுகான். இன்டர்நெட்ல அது தானா வருது” என்பார். அந்த வாரம் தானாக வந்த செய்தி, கைபேசியின் கதிர்கள் பச்சைக் குழந்தையின் மூளைக்கு ஆகாது என்பது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் என்ற தகுதியில் நான்தான் அதை மொழிபெயர்த்தேன். குழந்தையைச் சற்றுத் தள்ளி வைக்கவும் என்றுதான் மூலத்தில் இருந்ததாக நினைவு. பத்தடி என்பது என் சொந்தச் சரக்கு. உலோகம் கதிர்களைத் தடுக்கும் என்றும் ஒரு வரி இருந்தது. பெரியப்பா அடுக்களைக்குள் போய், டிபன் கேரியரின் மூடியைத் தனியாக எடுத்து வந்தார்.

வெள்ளிக்கிழமை வாடகை ஜீப்பில் புறப்பட்டோம். சித்தி கல்யாணச் சேலை உடுத்தி, பிச்சிப்பூ வைத்து வந்தாள். பெரியம்மா விடுவாளா?

“ஏட்டி, போன்ல சேலை தெரியாது கேட்டியா.”

“தெரியாண்டாம் அக்கா. நான் உடுத்திருக்கது எனக்குத் தெரியுமில்லா.”

சித்தி அப்படித்தான். வெட்கம் என்பதை இராஜாக்கமங்கலத்திலேயே விட்டுவிட்டு வந்தவள். கல்யாணமான மூன்றாம் நாளே, மீன்காரரை வாசலில் நிறுத்தி வைத்து, “இது எந்த வருசத்து மீன் அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அன்று ஜீப்பில் வாய் திறக்காமல், உதடு மட்டும் அசைய, பரீட்சைக்குப் போகிறவள்போல எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். வண்டி ஓட்டம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாலத்தின் தொடக்கத்தில் போன் செத்துக் கிடந்தது. பொத்தான்கள் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நான் முன்னால் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. சித்தி ஜீப்புக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாலத்தில் ஒரு கோடு முளைத்தது. இன்னும் நாலு எட்டு வைத்ததும் இரண்டு கோடு. பெரியப்பாவின் கோபுர வாதம் ஜெயித்துவிட்டது. “வந்தாச்சு!” என்று நான் கத்த வாயெடுத்தபோதே போன் அடித்தது. மணி நாலாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அங்கே டெலிபோன் பூத் வரிசையில் சித்தப்பாவுக்கு முன்னால் நின்றவரின் வீட்டில் யாரும் எடுக்கவில்லையாம். அதனால் முறை சீக்கிரம் வந்துவிட்டது.

“ஹலோ, ஆரு? மக்களே, நீயா?”

“நாந்தான் சித்தப்பா.”

“எல்லாரும் சுகமா இருக்கியளா? பாப்பா எங்க?”

திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் தொடக்கத்தில் சித்தி குழந்தையைத் தோளில் போட்டு நின்றாள். பெரியப்பா டிபன் மூடியைக் குழந்தையின் தலைக்கு இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கம் வைப்பதா என்று அளந்துகொண்டிருந்தார். கையை வீசிக் கூப்பிட்டேன். காற்று என் சத்தத்தை ஆற்றுப் பக்கமாகக் கொண்டுபோயிற்று.

“வருது சித்தப்பா. இப்போ வந்துரும்.”

“கார்டுல ரெண்டு நிமிசந்தான் இருக்கு மக்கா.”

சித்தி என்னைப் பார்த்துவிட்டாள். ஓட்டமும் நடையுமாக வரத் தொடங்கினாள். பெரியப்பா மூடியோடு கூடவே நாலடி வந்து, கீழே பார்த்து, கிறக்கம் வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சித்தியின் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். கதிர் இல்லாத பத்தடியைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“பாப்பாக்க வாய்க்கிட்ட போனைப் பிடி மக்கா. ஒரு சத்தம் போதும். கார்டு தீரப்போவுது.”

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் காக்கையாகவும் ஆடாகவும் கத்தி ஆறுதல் பரிசு வாங்கியவள் நான். அந்த ஆறுதல் பரிசு எனக்குள் எழுந்து நின்றது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, “ங்ஙே” என்றேன். “ங்ஙா... ப்பூ” என்றேன். புதுமணத் தம்பதி ஒன்று என்னைக் கடந்து போகும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போயிற்று.

போனைத் திரும்பக் காதுக்குக் கொண்டுபோனேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“எனக்க பொன்னே” என்றார் சித்தப்பா. அவர் குரல் அவர் குரலாக இல்லை. “இன்னும் ஒருக்கா.”

இந்தத் தடவை நடுவில் ஒரு சிரிப்பும் சேர்த்தேன். கலைஞர்களுக்கு ரசிகர்கள் கேட்டால் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றும்.

“செரி மக்கா, சித்திகிட்ட குடு.”

இதை நான் யோசிக்கவே இல்லை. எட்டு மாதக் குழந்தை தானாகப் பாதிப் பாலம் நடந்து வந்திருக்காது. அது இங்கே இருந்தால் சித்தியும் இங்கேதான் இருக்க வேண்டும். சித்தியோ அப்போதுதான் சேலைத் தலைப்பை விடுவித்துக்கொண்டு, கால்வாசித் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். இன்னும் வரவில்லை என்றால் பாப்பாவும் வரவில்லை என்றாகும். பொன்னே என்று சொன்னவரிடம் அது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

“சித்தி பேசமாட்டேங்கா.”

“ஏன்?”

“வெக்கமாம்.”

“வெக்கமா? அவளுக்கா?” பிறகு, “செரி” என்றார். இன்னொரு தடவையும் “செரி” என்றார். அதற்குமேல் கார்டு இல்லை.

சித்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பிச்சிப்பூ காற்றில் பாதி போயிருந்தது. தங்கச்சி அவள் தோளில் வாயைத் திறந்தபடி நல்ல உறக்கம்.

“கூப்பிட்டாவளா?”

“கூப்பிட்டாரு. பாப்பா சத்தத்தக் கேட்டுட்டாரு.”

“இது உறங்கில்லா கெடக்கு?”

“அங்க வச்சு அழுதுதில்லா, அது இதுல கேட்டுது.”

சித்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எங்கிட்ட குடுக்கச் சொல்லலியா?”

“கார்டு தீந்துபோச்சு சித்தி.”

அவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இருக்காது என்பதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. “அடிச்ச பெறவு பச்சைப் பொத்தானை அமுக்கினாத்தான் கேக்கும்” என்று விளக்கினேன்.

“தெரியும் மக்கா” என்றாள்.

நாலு மணிக்கு என்றுதானே எழுதியிருந்தார், மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று அங்கேயே நின்றாள். ஐந்து மணிவரை நின்றாள். குழந்தை எழுந்து, ஆற்றைப் பார்த்து, பொக்கை வாயால், சொல்லிக் கொடுத்ததுபோல “ங்ஙே” என்றது. அச்சு அசல் நான் சொன்னது மாதிரியே. எனக்குப் பெருமையாக இருந்தது. கீழே பெரியம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். காரியம் சுபமாக முடிந்ததென்று பெரியப்பா எனக்கு அன்னாசி வாங்கித் தந்தார். திரும்பும்போது ஜீப்பில் சித்தியின் உதடு அசையவில்லை.

சித்தப்பாவின் கடிதம் இரண்டு மாதம் கழித்து முகாமிலிருந்து வந்தது. சித்தி அதைக் கிணற்றடியில் நின்று வாசித்தாள். வாசித்து முடித்ததும் தலையைத் தூக்கி, துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். இப்போது கேட்பாள், பெரியம்மாவிடம் சொல்வாள், வீடே கூடும் என்று காத்திருந்தேன். அவள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து துணி அலசினாள்.

பதில் கடிதத்துக்கு உறையில் இங்கிலீஷ் முகவரி எழுதுவது எப்போதும் என் வேலை. அவள் மடித்துத் தந்த தாளை உறைக்குள் வைக்குமுன் பிரித்துப் பார்த்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேகமாகப் படித்தேன். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, மதினிக்கு முட்டுவலி, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. நடுவில் இப்படி ஒரு வரி: ‘அன்று பாலத்தில் நான் பேசாமல் நின்றது வெட்கத்தால்தான். வேறு ஒன்றும் மனதில் வைக்க வேண்டாம்.’

அதை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கனம் அப்படியே இறங்கிவிட்டது. ஆக, சித்திக்கு அன்று உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்திருக்கிறது. நான் பொய் சொல்லவே இல்லை. தூரத்தில் வரும்போதே அவள் மனதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, உறையை ஒட்டி, முக்குத் தபால்பெட்டிவரை ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

வந்த வேகத்தில் சித்தியிடம், “ஒனக்கு அண்ணைக்கு அவ்வளவு வெக்கமா இருந்துதா சித்தி?” என்று கேட்டேன்.

தங்கச்சியின் வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் மோவாயை வழித்துக்கொண்டே, “ஆமா மக்கா, பயங்கர வெக்கம்” என்றாள்.

எனக்குச் சமாதானமாகிவிட்டது. விளையாடப் போய்விட்டேன்.