மறுசோறு

தட்டை நீட்டும் பிள்ளையின் முகத்தை உம்மு சல்மா கடைசியில்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது மணிக்கட்டை. அது மெலிந்திருந்தால் சோற்றுக் கரண்டி தானாக இரண்டாம் தடவை சட்டிக்குள் போய்விடும். "இந்தக் கையில என்ன இருக்கு, வெறும் எலும்புதானே, சாப்புடு தங்கம்" என்பார். கொழுகொழுவென்று இருந்தாலும் கரண்டி இரண்டாம் தடவை போகும். அதற்கு வேறு காரணம் கைவசம் வைத்திருப்பார்.

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளிக் கேண்டீனில் அவருடைய கடை. கோழி ஆணமும் சோறும், வெள்ளிக்கிழமையானால் பிரியாணி. பிறந்து வளர்ந்தது புக்கிட் மேராவில்தான். என்றாலும் குழம்பை ஆணம் என்று சொல்லும் நாகூர்க் குடும்பத்து நாக்கு மாறவில்லை. அந்தக் குடும்பத்து விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய தட்டின் அடி தெரிவதற்குள் மறுசோறு வந்து விழுந்துவிட வேண்டும். கேட்ட பிறகு கொண்டுவந்தால் வீட்டுக்காரருக்குத் தலைக்குனிவு. சிறுவயதிலிருந்து மறுசோறு தூக்கிப் பழகிய அந்தக் கைதான் இப்போது ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறது.

மிச்சம் விழாமலா இருக்கும்? சாப்பிட்ட தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஒரு வாளி. அதில் பாதிக்கு மேல் இவர் கடைச் சோறு. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால்தான், பள்ளியின் பசுமை மன்றத்தை நடத்தும் ஆசிரியை வைஷாலி வந்து சொன்னபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"ஆன்ட்டி, இனிமே பிள்ளைங்க கேக்குற அளவு மட்டும் போடுங்க லா. தட்டு கிளீனா இருந்தா கிளாஸுக்கு ஸ்டார் குடுக்கப் போறோம்."

"நல்லது டீச்சர். சோத்தைக் கொட்டுறது பாவம்."

கேண்டீன் சுவரில் நட்சத்திரங்கள் ஏறின. வாளி இளைத்தது. கூடவே வரிசையில் ஒரு புதுப் பாட்டும் தொடங்கியது. "லிட்டில், ஆன்ட்டி, லிட்டில்!" முந்தைய வாரம்வரை 'இன்னும், இன்னும்' என்று நச்சரித்த பையன்கள்கூட அதையேதான் பாடினார்கள்.

உம்மு சல்மா திரும்பி வரும் தட்டுகளையே பார்த்தார். தட்டுகள் சுத்தமாகத்தான் வருகின்றன. வயிறு நிறைந்து சுத்தமா, சோறே வாங்காமல் சுத்தமா? கடைக்குள் கோழி வெட்டிக்கொண்டிருக்கும் கணவர் ஒலி முகம்மதிடம் இதைக் கேட்காத நாளில்லை.

"பசிச்சா கேக்காதுங்களா? நீ ஏன் மண்டைய ஒடைச்சுக்கிற?"

"ஸ்டாருக்கு ஆசைப்பட்டுக் கேக்காதுங்க. பி.இ. கிளாஸ்ல ஓடி வெளையாடும்போது மயங்கி விழுந்துட்டா?"

"டீச்சர்கிட்ட சொல்லேன்."

"வியாபாரம் கொறைஞ்சுபோச்சுன்னு பொலம்புறேன்னு நெனைப்பாங்க."

வாயைத் திறக்கவும் பயம், சும்மா இருக்கவும் பயம். கடைசியில் ஒரு திருட்டு வேலையில் இறங்கினார். கரண்டியின் முதுகால் சோற்றை அமுக்கி, மேலே முட்டைக்கோஸைப் பரப்பிவிட்டால் இரண்டு கரண்டிச் சோறு ஒரு கரண்டியாகத் தெரியும். இந்தக் கவனிப்பு முக்கியமாகக் கவிப்ரியாவுக்கு. தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பெண், மணிக்கட்டு முருங்கைக்காயேதான். அவள் தட்டு தினமும் பளிச்சென்று திரும்பியது. "பாத்தீங்களா, புள்ளைக்கு எவ்வளவு பசி இருந்திருக்கு!" என்று கணவரிடம் பெருமையாகக் காட்டினார்.

ஒரு நாள் மணி அடித்த பிறகும் கவிப்ரியா மேசையை விட்டு எழவில்லை. வைஷாலி போய் எழுப்பினார். பிள்ளையின் சீருடைப் பையிலிருந்து ஆணம் கசிந்து துணியெல்லாம் மஞ்சளாகப் பரவியிருந்தது. பைக்குள், டிஷ்யூவில் சுற்றிய சோறு.

"நான் லிட்டில்தான் கேட்டேன், டீச்சர்! எவ்ரிடே ரொம்ப இருக்கு. தட்டுல வச்சா ஸ்டார் போயிடும், எல்லாரும் என்னைத் திட்டுவாங்க." பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள்.

உம்மு சல்மா கரண்டியோடு கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். "அது மேல தப்பில்ல, டீச்சர். நான்தான் அமுக்கி அமுக்கி வச்சேன். பசியோட கெடக்குதோன்னு பயந்துட்டேன்."

வைஷாலி நட்சத்திரங்கள் ஒட்டிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டுவாங்கன்னு நானும் யோசிக்கல, ஆன்ட்டி" என்றார். அன்றே நட்சத்திரங்களைக் கழற்றிவிட்டார். கொஞ்சமாக வாங்குங்கள், போதவில்லையென்றால் திரும்ப வந்து கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். உம்மு சல்மாவுக்கு இது புரியாமல் இல்லை, மறுசோறுதான். ஆனால் கேட்ட பிறகு போடும் மறுசோறு. அது அவர் பழகாத வித்தை.

மறுநாள் கவிப்ரியா வந்து தட்டை நீட்டினாள். "லிட்டில், ஆன்ட்டி." ஒரே கரண்டி, அமுக்காமல் வைத்தார். பிள்ளை எதிர் மேசையில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். உம்மு சல்மாவின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. தட்டின் அடி தெரிந்தது. பிள்ளை தட்டைப் பார்த்தாள், பிறகு கடையைப் பார்த்தாள். வயிறு நிறைந்துவிட்டதா? இல்லை, கேட்க வெட்கமா? நேற்று அழுத பிள்ளையாயிற்றே! இங்கே கரண்டி அதற்குள் சட்டிக்குள் புகுந்து சோற்றை அள்ளிவிட்டது. உம்மு சல்மா இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.