ஆற்றின் நடுவே ஒரு நீலப் புள்ளி

எனக்கு மணிக்கூடுகளோடு பகை ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்குப் போட்ட, உளுந்தளவு முகம் கொண்ட கைமணிக்கூடு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. இப்போது ஓடுவதில்லை. ஓடிய காலத்திலும் நேரத்தைத் தவிர வேறு எதையும் எனக்குச் சொன்னதில்லை. எப்படித் தூங்கினாய், எவ்வளவு தூரம் நடந்தாய், நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கையில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. இப்போது வருகிற மணிக்கூடுகளுக்கு வாய் அதிகம்.

கனடாவில் இருக்கும் மகள் தகப்பனுக்கு அனுப்பியது அப்படியொரு வாய்க்கார மணிக்கூடு. அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் என் கணவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் முறை வைத்துப் பயந்துகொண்டேதான் இருக்கிறோம். மகளுக்கு அங்கே பெரிய களஞ்சியம் ஒன்றில் வேலை. ஊரார் போனில் தட்டி வாங்கும் சாமான்களையெல்லாம் நாள் முழுக்கப் பெட்டியில் போட்டு ஒட்டுவாள். அந்தக் காசில் தானும் ஒன்றைத் தட்டி வாங்கிவிட்டாள். விலையைக் கேட்டால் சொல்லவில்லை. பட்டியைச் சிறிதாக்க டவுனில், புளியந்தீவுக் கடைக்குப் போன என் மனிதர், கடைக்காரர் வாயிலிருந்து விலையைக் கேட்டுவிட்டு வாயடைத்துப்போய் வந்தார்.

"இந்தக் காசுக்கு நல்ல பால்மாடு ஒண்டு வாங்கலாம்கா" என்றார்.

"மாடு உங்கட நெஞ்சைப் பாத்து மகளுக்குச் சொல்லுமா?" என்று கேட்டேன். அன்றைக்கு நான்தான் அந்த மணிக்கூட்டின் கட்சி.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். இவர் கரடியனாறு என்ற ஊரிலிருந்து வந்தார். வயலும் வரம்பும் பார்த்து வளர்ந்தவர். என் வீடோ வாவிக் கரையில் இருக்கிறது. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். பக்கத்து வளவு என் தங்கச்சியுடையது. அவள் புருஷன் இவருக்கு வீச்சுவலை எறியப் பழக்கிவிட்டார். அதன் பிறகு பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. விடியும் முன் தோணியைத் தள்ளிக்கொண்டு போனால் இறாலோ மீனோ கொஞ்சம் பறிக்கூடையில் கிடந்தால்தான் திரும்புவார். எல்லாம் பழகிய மனிதருக்கு நீச்சல் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இத்தனை வருடமும் அவர் ஆற்றில் இருக்க நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே நம்ப முடியவில்லை.

மணிக்கூடு வந்து சில கிழமைகள் ஆகியிருக்கும். விடிந்தும் விடியாத நேரம், தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றேன். என் போன் இதுவரை கத்தாத ஒரு கத்தல் கத்தியது. எடுத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் அவருடைய பெயர். பலமாக விழுந்திருக்கிறார், அசைவில்லை, எழுப்பிப் பார்த்தும் பதிலில்லை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு படம். படம் முழுக்கத் தண்ணீரின் நிறம். அதன் நடுவே ஒரு நீலப் புள்ளி. புள்ளி அசையவில்லை.

அவருடைய போனுக்கு அழைப்பு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே கனடாவிலிருந்து மகள் எனக்கு எடுத்தாள். அந்தச் செய்தி அவளுக்கும் போயிருக்கிறது.

"அம்மா! அப்பா விழுந்திட்டாராம்! எங்க அவர்?"

"ஆத்துக்குப் போனவர், மகள்" என்றேன்.

அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது. தங்கச்சி வீட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அவள் புருஷன் சாரத்தை மடித்துக் கட்டியபடியே வந்து தன் என்ஜின் தோணியை இறக்கினார். நான் முன்னால் குந்திக்கொண்டு போனை நெஞ்சோடு பிடித்திருந்தேன். நாங்கள் இருக்கும் இடம் ஒரு புள்ளி, அவர் இருக்கும் இடம் இன்னொரு புள்ளி. எங்கள் புள்ளி நகர்ந்தது. அவருடையது அப்படியே கிடந்தது.

"பயப்படாதீங்க மச்சி. அந்தப் பக்கம் தண்ணி இடுப்பளவுதான்" என்றார் அவர்.

"நெஞ்சு வலிச்சு விழுந்தா முழங்காலளவு தண்ணியே உயிரெடுக்கக் காணும்" என்றேன்.

அவர் என்ஜினை இன்னும் வேகமாக விட்டார். அந்த வேகம் என் பயத்தைக் கூட்டியது. போன மழைக்கு அந்தப் பக்கம் முதலை கிடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதை இரண்டு பேரும் நினைத்தோம், வாயால் சொல்லவில்லை. பிள்ளையாரே, களுதாவளைக் கோயிலுக்கு வந்து தேங்காய் உடைக்கிறேன், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், ஆளைக் காட்டு என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

தண்ணீருக்குள் வேர் ஊன்றிய கண்ணாப் பற்றைகளுக்குப் பக்கத்தில் அவருடைய தோணி நின்றது. தோணியில் ஆள் இல்லை. பலகையில் மணிக்கூடு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பொலித்தீன் பைக்குள் போன் மின்னி மின்னி அடித்துக்கொண்டிருந்தது. அழைத்துக்கொண்டிருந்தது மகள்தான். தண்ணீரைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்றைக்கு ஆறு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன்.

பற்றைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வேரில் மாட்டிய வலையை இடுப்பளவு தண்ணீரில் நின்று கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னகா இந்தப் பக்கம்?" என்று கேட்டார், சந்தைக்கு வந்த இடத்தில் என்னைக் கண்ட மாதிரி.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். அழுதுகொண்டே ஏசினேன். அவர் குற்றம் செய்தவர் போல நின்று விளக்கம் சொன்னார்.

"வலைக் கயிறு அந்தச் சாமான்ல கொழுவுது. வயல் வட்டைக்குள்ள இறங்கக்குள்ள மணிக்கூட்டக் கழட்டி வரம்பில போடுறதுதானே. அப்படிக் கழட்டிப் பலகையில எறிஞ்சிட்டு இறங்கினன்."

அவ்வளவுதான் நடந்தது. வயலில் கால் வைக்குமுன் மணிக்கூட்டைக் கழற்றி வரம்பில் எறிவது கரடியனாற்றுக் கைக்குப் பழக்கம். எத்தனை வருடம் ஆற்றங்கரையில் இருந்தாலும் அந்தக் கை மாறவில்லை. பலகையில் விழுந்து அசையாமல் கிடந்த மணிக்கூடு, ஆளே விழுந்து கிடக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டது. இவ்வளவு காசு வாங்கிய புத்திசாலிக்கு அதில் ஒரு கை இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை.

அந்தச் சாமானை ஆற்றிலேயே வீசுங்கள் என்றேன். மகள் விடவில்லை. "வேலையால வந்து அப்பாட புள்ளியப் பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று அழுதாள். இவருக்கோ வலையும் வேண்டும், மகளும் வேண்டும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நான் போற நேரம் நீ கட்டிக்க. போனும் வீட்ட இருக்கட்டும். புள்ளி வீட்டில நிக்கும். பிள்ள நிம்மதியா இருப்பாள்."

மகளின் நிம்மதிக்காகச் சம்மதித்தேன். என் நிம்மதியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது அவர் போனும் இல்லாமல் மணிக்கூடும் இல்லாமல் வெறுங்கையோடு ஆற்றுக்குப் போகிறார். படலை சாத்தும் சத்தம் கேட்டதும் நான் எழும்பி, அவருடைய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, பின்வாசலில் ஆற்றைப் பார்த்துக் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவேன். எந்த வேலையும் ஓடாது. முன்பு புள்ளியைப் பார்த்துப் பயந்தேன். இப்போது பார்க்க ஆற்றில் புள்ளியும் இல்லை.

போன கிழமை ஒரு நாள் கச்சான்காற்று விடியவே எழும்பிவிட்டது. ஆறு முழுக்க வெள்ளை நுரை. வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் அவர் வரவில்லை. அப்போது மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சும்மா இருக்கிற மனுசனுக்கு நெஞ்சு இப்படி அடிக்கக் கூடா. இண்டைக்கு மட்டும் இல்ல, ஒவ்வொரு நாளும் விடியக்காத்தால இப்படித்தான் காட்டுது. பிறகு தன்பாட்டில இறங்குது. எனக்குப் பயமா இருக்கு."

பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். காற்று கூரைத் தகரத்தைத் தூக்கி அடித்தது. என்னால் சொல்ல முடியவில்லை.

"அது அப்பாட நெஞ்சு இல்ல மகள்."

"பின்ன ஆர்ட?"

"என்ட."

மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அப்பா எங்க?"

"ஆத்தில."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவள் அங்கே என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இங்கே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கண்ணாப் பற்றைகளைத் தாண்டி ஒரு தோணி தலையைக் காட்டியது. கம்பை ஊன்றி ஊன்றி, காற்றுக்கு எதிராகக் குனிந்து வருகிற அந்த முதுகை எனக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூச்சைக் கூட விட்டேனோ என்னவோ.

"அம்மா" என்றாள் மகள். "குறையுது. அப்பா வாறாரா?"

"ஓம் மகள்" என்றேன். "வாறார்."