வாப்பா வேண்டாமென்ற மோர்பின்

என் வாப்பா பிடிவாதத்துக்குப் பேர்போனவர். உப்பளத்து வரம்பில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்ததில், புத்தளத்தில் ஒப்பரேஷன் செய்து கிடத்தியிருந்தார்கள். அடுத்த நாளே எழுந்து நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் கால் விறைத்துப்போகும் என்றார் டொக்டர். வாப்பாவுக்கோ நோவில் காலை அசைக்கவே முடியவில்லை. ஆனால் மோர்பின் ஊசியோடு வந்த நர்ஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதைத் தூள் அடிச்சு நாசமாப்போன பொடியனுகள நான் பார்க்கல்லையா? அதுவும் இதுவும் ஒரே சாமான்தான். எனக்கு வேணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழும்பில் நான் செய்கிற ஆராய்ச்சியே இந்த மருந்து வகையைப் பற்றித்தான். ஊரில் எவரெவரோ கேட்கிறார்கள், சொந்த வாப்பா காது கொடுக்கிறாரில்லை.

"கத்தாம, ஒன்ட ஆராய்ச்சியக் காட்டு மகள்" என்றார் பக்கத்தில் நின்ற உம்மா.

ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டேன். கண்ணாடித் தட்டில் நாங்கள் வளர்க்கும் நரம்புக் கலங்கள், அதாவது செல்கள்.

"இதுக்குள்ள ஒரு சாயம் இரிக்கி வாப்பா. உள்ளுக்கு கல்சியம் பாய்ஞ்சா மின்னும். இப்ப நோவு வந்த மாதிரி கலங்களக் கிளப்ப உப்புத்தண்ணி ஊத்துறம், பாருங்க."

கலங்கள் பளிச்சென்று மின்னின.

"நம்மட உப்பா?"

"இல்ல, பொட்டாசியம் உப்பு. இனி மோர்பின் போடுறம்."

மறுபடி உப்புப் பட்டபோது வெளிச்சம் மங்கலாகத்தான் வந்தது. மருந்து கலத்தின் மேலுள்ள ஏற்பியில் போய் ஒட்டும், கல்சியம் நுழைகிற வாசல் பாதி சாத்திக்கொள்ளும், நோவுச் செய்தி குறையும் என்றேன்.

"செத்துப்போச்சா?"

"இல்ல, மருந்தக் கழுவின பிறகு பாருங்க."

கழுவி உப்பு ஊற்றியதும் பழையபடி மின்னின. "கனகாலம் எடுத்தா பழகும், பொய் சொல்லமாட்டன். ஆனா டொக்டர் அளவு பார்த்து நிப்பாட்டிடுவார்" என்றேன்.

வாப்பா வீடியோவை இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலில் கிடந்த உச்சமுனை ஊர் மீன்காரருக்கும் காட்டச் சொன்னார். அவருக்கு விளக்கம் கொடுத்ததும் வாப்பாவேதான், பாதி பிழையாக. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நர்ஸ் மறுபடி வந்தபோது, "போடுங்க மகள்" என்று வாப்பா கையை நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகச்சுளிப்பு தளர்ந்தது. கட்டிலை விட்டு இறங்கி, வோக்கரைப் பிடித்து, ஒரு காலை எடுத்து வைத்தார். நானும் உம்மாவும் ஆளுக்கொரு பக்கம்.

"விடுங்க, நான் போறன்."

விட்டோம். வாப்பா தனியே வார்ட்டு வாசல்வரை நடந்தார். நான் ஃபோனை எடுத்து அந்த நடையையும் வீடியோ பிடித்துக்கொண்டேன்.