பருப்பு வேகாத வீடு

ஓசூரில் வாடகை வீடு பார்க்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். கம்பெனி பஸ் எங்கே நிற்கும்? தண்ணீரில் பருப்பு வேகுமா? எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் அப்படி. சில தெருக்களில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு போட்டது போட்டபடி கிடக்கும். அதனால்தான் கடலோரத்தில் வீடு தேடக் கிளம்பியபோது துணிமணிக்கு முன்னால் நான் பையில் வைத்தது ஒரு குக்கர், ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு, ஒரு டப்பா துவரம்பருப்பு. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வீடு பாக்கப் போறமா, கல்யாணத்துக்குச் சமைக்கப் போறமா?" என்றார்.

அவர் கம்பெனி கடலூர்ப் பக்கம் புதிதாக ஒரு பிளான்ட் தொடங்கி, ஓசூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லைனை அப்படியே அங்கே கொண்டுபோனது. மெஷின்கள் போனால் அவற்றைப் பார்த்துக்கொள்கிற மெயின்டனன்ஸ்காரரும் போகத்தானே வேண்டும். அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

மாற்றல் என்றால் எங்கள் காம்பவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் மட்டும் போவார். அங்கே நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு ரூம் எடுத்துத் தங்குவார். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு சாப்பிட்ட கையோடு கிளம்புவார். அடுத்த வீட்டு அக்காவின் கணவர் இதே பிளான்ட்டுக்கு முதல் ஆளாகப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் பையனும் என் பையனும் இரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னால் அந்தப் பையன் அப்பாவைத் தோளில் பையோடுதான் வரைவான். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி வரைந்தாலும் தோளில் பை தொங்கும். அக்கா அதை எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பார். என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

"எனக்கென்னா, அந்த ரூம்லயே ஒரு கட்டில் காலியா இருக்குதாம். நான் போய்ப் படுத்துக்கறன்" என்றார் இவர். "உனக்கு வேலை இருக்குது, பாப்பாவுக்கு ஒன்பதாவது வருது. நீங்க இங்கயே இருங்க."

"உங்களுக்குக் கட்டில். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு வேளை உங்க மூஞ்சி. அதான கணக்கு?" என்றேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிப் போய்விட்டது. கத்தி முடித்த பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் வேலையில் சேரும் நாளுக்குள் அங்கே நல்ல வீடு கிடைத்தால் நாலு பேரும் போவது. கிடைக்காவிட்டால் அவர் அந்தக் கட்டிலுக்குப் போவது, நாங்கள் சனிக்கிழமைக் குடும்பம் ஆவது. நல்ல வீடா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அப்படி என்னிடம் விட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே நான் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வருகிற பொருளைக் கையில் எடுத்து, அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அட்டை கட்டுவது என் வேலை. சரியாக இருந்தால் பச்சை, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காய் வாங்கும்போதுகூட மனசுக்குள் அட்டை ஓடும். பிள்ளைகளுக்கும் இது தெரியும். கடையில் சுடிதாரைத் தொட்டுப் பார்த்தால், "அம்மா, என்னா கலர்?" என்று பையன் கேட்பான். துணியின் நிறத்தை அவன் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை லீவில் நாலு பேரும் பஸ் ஏறினோம். குந்தாரப்பள்ளியில் சந்தைக் கூட்டம், ஆடுமாடுகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. திருவண்ணாமலை தாண்டியதும் ஜன்னல் காற்றே மாறிப்போனது. கடலூரை நெருங்கும்போது ஒரு பாலம் வந்தது, பலகையில் தென்பெண்ணை என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் காவேரிப்பட்டினம். சின்ன வயதில் அந்த ஆற்று மணலில்தான் விளையாடியிருக்கிறார். ஓசூர் அணையில் நுரை தள்ளிக்கொண்டு நிற்பதும் அதே ஆறுதான். அவர் எழுந்து நின்றே பார்த்தார்.

"இது நம்ம ஆறுப்பா?" என்றாள் மகள். "நமக்கு முன்னாடியே வந்துடுச்சா?"

பையை வைத்துவிட்டு முகம் கழுவ முதலில் அந்த ரூமுக்குத்தான் போனோம். அடுத்த வீட்டு அண்ணன் டீ வாங்கி வந்து கொடுத்தார். கயிற்றில் நாலு பேருடைய யூனிஃபார்ம் தொங்கியது. சுவரோரம் அந்தக் காலிக் கட்டில், அதன் மேல் யாருடைய துண்டோ காய்ந்தது. அண்ணனின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவர் மகன் வரைந்த படம், தோளில் பையோடு.  டீயைக் குடித்து முடிப்பதற்குள், இந்தக் காலிக் கட்டிலில் என் ஆள் படுக்கக் கூடாது என்று மனசுக்குள் சத்தியமே பண்ணிக்கொண்டேன்.

ராத்திரி ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினோம். புரோக்கர் காட்டிய முதல் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா, மேலே நமக்கு. படியேறும்போதே பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள். "அம்மா, தெரியுது, தெரியுது" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. நான் என் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினால் துரு கையோடு வந்தது. பீரோ வைக்கிற சுவர் பொரிந்திருந்தது. ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு டமால் என்று சாத்திக்கொண்டது, அப்படி ஒரு காற்று. ஓசூரில் பிள்ளை வளர்த்தவளுக்குக் காற்று அடிக்கிற வீடு என்றால் சளி, காய்ச்சல், டாக்டர். குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தேன். உப்பு. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அடுப்பைச் செருகி, அந்தத் தண்ணீரிலேயே பருப்பைப் போட்டேன். வீட்டுக்காரம்மா மேலே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"பருப்பு வேகுதான்னு பாக்கறங்க."

"இந்தத் தண்ணியிலயா?" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

குக்கரைத் திறந்தால் பருப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. சிவப்பு என்று பையனிடம் சொன்னேன். அவன் உதடு பிதுங்கியது. "உன் பருப்பு இந்த ஊர்ல வேகாது போல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அவரும் உள்ளுக்குள் அந்தக் கட்டிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்துப் பார்த்த இரண்டும் கணக்கிலேயே சேராது. ஒன்றில் குளியலறைக்குக் கதவே இல்லை. இன்னொன்றில் மின்சாரம் இல்லை, அடுப்பு உயிர் பெறவில்லை. மத்தியானம் புரோக்கர் கடைசியாக ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, புது காலனி. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. மேற்குப் பார்த்த வீடு, கூடம் பூராவும் வெயில். ஓசூரில் வெயில் வருகிற வீட்டுக்குத் தனி மரியாதை. தூறலும் குளிருமாகத் துணி நாலு நாள் காயாமல் நாறுகிற ஊரில், வெயில் எந்த ஜன்னலில் வருகிறது என்று பார்த்துத்தான் வீடு பிடிப்போம். ஜன்னல்களும் சின்னச் சின்னதாய், கண்ணாடி போட்டு, இடைவெளி இல்லாமல் சாத்துகிற மாதிரி இருந்தன. சுவரில் பொரிவு இல்லை, கம்பியில் துரு இல்லை. தண்ணீர் இனித்தது. பருப்பைப் போட்டேன், மூன்றாவது விசிலில் மலர்ந்து கிடந்தது. கரண்டியில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன்.

"பச்சை" என்றேன்.

வீட்டு ஓனரைக் கூட்டி வருகிறேன் என்று புரோக்கர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் வெறுந்தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். எனக்குள் ஒரே சந்தோஷம். கூடத்தில் எங்கே என்ன வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினார். பையன் குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டான். மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி எங்கள் மேலேயே கொட்டியது. நான் ஆசைப்பட்ட வெயில் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. முதுகில் வியர்வை ஓடுவது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பருப்போடு சேர்ந்து நாங்கள் நாலு பேரும் வெந்துகொண்டிருந்தோம்.

மகள்தான் சொன்னாள். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அம்மா, நீ ஓசூருக்கு வீடு பாத்துட்டு இருக்கற."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பொருளை வேறொரு பொருளின் டிராயிங்கில் போட்டிருக்கிற அளவை வைத்துப் பார்த்தால் அது எப்படித் தேறும்? லைனில் புதிதாகச் சேர்கிற பெண்களிடம் நான் முதல் நாளே சொல்கிற விஷயம் அது. பொருளைத் தொடுவதற்கு முன்னால் டிராயிங் எதனுடையது என்று பார். அதை என் மகள் எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. எழுந்து குக்கரை எடுத்துப் பையில் வைத்தேன். புரோக்கருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

ஆட்டோவைக் கடற்கரைக்கு விடச் சொன்னோம். போகிற வழியில் காலையில் பார்த்த வீடு வந்தது. வாசல்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டார்.

"எங்கியாவது பருப்பு வெந்துச்சா?"

"வெந்துச்சுங்க. நாங்களும் வெந்துட்டம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். காலையில் கதவை அடித்துச் சாத்திய அதே காற்றுதான். வியர்வை காய்ந்தது, பையன் அப்பாவின் மடியில் தலை வைத்துத் தூங்கியே போனான். தூரத்தில் ஒரு பட்டையாகக் கடல் தெரிந்தது. யாருக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. காற்றைச் சளியோடு சேர்த்தே பார்த்துப் பழகிய எனக்கு, இந்த ஊரில் காற்றுதான் முதல் அளவு என்று அப்போதுதான் உறைத்தது.

கீழே இறங்கிப் போய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "குடிக்க, சமைக்க கேன் வாங்கிடுவோம்மா. மத்ததுக்கெல்லாம் இந்தத் தண்ணிதான். தெருவுல எல்லாருமே அப்பிடித்தான்" என்றார் அந்த அம்மா. எதற்கு இவ்வளவு யோசிக்கிறாள் என்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

எங்கள் கம்பெனிகளில் டீவியேஷன் என்று ஒன்று உண்டு. பொருள் அளவுக்குப் பொருந்தாது, ஆனாலும் வேலைக்கு ஆகும் என்று தோன்றினால், மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு அதை ஏற்றுக்கொள்ளலாம். எனக்கு அது கட்டோடு பிடிக்காது. டீவியேஷன் என்று வந்தாலே சூப்பர்வைசரோடு சண்டைக்கு நிற்பேன். அன்றைக்கு மறுபடி மேலே ஏறி வந்து, துருப்பிடித்த கம்பியையும் பொரிந்த சுவரையும் இன்னொரு தடவை பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

"கம்பிக்குப் பெயின்ட் அடிச்சித் தரச் சொல்லுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "மேடம் டீவியேஷன் போடறாங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தூங்குகிற பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கும் அந்த ரூம் பிடிக்கவில்லை என்று அதுவரைக்கும் வாய் திறந்து சொல்லவே இல்லை, கல்லுளிமங்கன்.

வேலையை விட்ட அன்றைக்கு நான் அழுதேன். லைன் பெண்கள் கேக் வெட்டி, பச்சை அட்டை ஒன்றில் எல்லோரும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அது என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் உப்புக் காற்று பட்டு வெளுத்துவிட்டது. இங்கே ஒரு கம்பெனியில் அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது, இன்ஸ்பெக்‌ஷன் தெரிந்த ஆளுக்கு எந்த ஊரிலும் தேவை இருக்கும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கிண்டல் பண்ணுகிற சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். பையன் கால் நிறைய மணலோடு வீட்டுக்குள் வந்து திட்டு வாங்குகிறான். இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாகத் துருப்பிடிக்கிறது. நானும் ஒவ்வொன்றுக்கும் கத்துகிறேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் வந்ததும், அத்தனையையும் அவரிடம் இன்னொரு தடவை சொல்லிக் கத்துகிறேன். கேட்க ஆள் இருக்கிறார்.

போன சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் அடுத்த வீட்டு அக்கா போன் பண்ணினார். "உன் வீட்டுக்காரரு வந்துட்டாரா?" என்றார். சனிக்கிழமை ஆனால் எங்கள் காம்பவுண்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. பழக்கத்தில் வந்துவிட்டது.

"கீழயிருந்து தண்ணி கேனைத் தூக்கிட்டு வர்றாருக்கா" என்றேன்.

 அந்தப் பக்கம் டிவியில் தெலுங்குச் செய்தி ஓடுவது கேட்டது. அண்ணன் இன்னும் பஸ்ஸில்தான் இருந்திருப்பார்.

"அந்தப் பக்கம் வேற வீடு ஏதாச்சும் காலியா இருக்குதா?" என்றார் அக்கா.

"பின்னாடி போர்ஷன் காலியாதான்க்கா இருக்குது."

"பருப்பு வேகுமா?"

"வேகாதுக்கா" என்றேன். "கெளம்பி வாங்க."