ராகு காலத்துல கல்லான மருந்து

எங்க மாமனார் ரெண்டு வருசமா என்கிட்ட பேசல. அவர் மகளை நான் கட்டிக்கிட்டதுதான் காரணம். அவங்க திருமங்கலத்துக்கு மேற்க காலங்காலமா விவசாயம் பாக்குற குடும்பம். நான் மதுரையில ஷெட்டு போட்டு வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறவன். "பெயின்ட் டப்பா தூக்குறவனுக்கா எம் பொண்ணு?"ன்னு அவர் கேட்டதை, கேட்டவன் எல்லாம் பஸ் ஏறி வந்து எங்ககிட்ட சொல்லிட்டுப் போனான். என் பொண்டாட்டிக்கு அப்ப ஏழாம் மாசம். வளைகாப்புக்கு அப்பா வரணும், எங்க வீட்டு வாசப்படியை மிதிக்கணும், அவளுக்கு வேற ஒண்ணும் வேணாம்.

அவர்கிட்ட ஒரு பழைய ஜீப் இருந்துச்சு. சீமைக் கருவேல முள்ளுக்குள்ளயே ஓடி ஓடி ரெண்டு பக்கமும் கீறல், கீறின எடமெல்லாம் துரு. ரெண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்க தொழில்ல வண்டி பாடிக்கு அடிக்கிற ஒரு புது மருந்து வந்துச்சு. ரெண்டு டப்பாவுல வரும். கலந்து ஸ்ப்ரே கன்னுல வச்சு அடிச்சா கருப்பா ரப்பர் மாதிரி கெட்டியா ஒட்டிக்கிரும், எந்த முள்ளும் ஒண்ணும் பண்ணாது. ஜீப்புக்கு அதை அடிச்சுத் தாரேன்னு மாமியார் மூலமா சொல்லி விட்டேன். ஒரு வாரத்துல ஜீப்பை அவரே ஓட்டிட்டு வந்தார். சாவியை பெஞ்சுல வச்சார். "வெள்ளிக்கிழமை காலையில வாரேன். நான் வந்தப்புறம் ஆரம்பிச்சாப் போதும்"னு ஜீப்பைப் பாத்து சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு வீட்டுல பாயசம்!

கோயம்புத்தூர்லருந்து மருந்து வரவழைச்சேன். ஒரு வண்டிக்கு உண்டான அளவுதான் கெடைச்சுச்சு. மூணு நாளா துருவைச் சொரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கண்ணாடி, லைட்டு, டயருக்கெல்லாம் பேப்பர் ஒட்டி வச்சேன்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதுக்குள்ள ஆரம்பிச்சிரணும்னு எனக்கும் தெரியும், என்ன நாத்திகனா நான்? பத்து மணி சுமாருக்கு அவர் எதுத்தாப்புல பஸ்ஸை விட்டு எறங்குறதைப் பாத்தேன். ஆளு வந்தாச்சுன்னு ரெண்டு டப்பாவையும் வாளியில ஊத்திக் கலந்துட்டேன். அதுதான் நான் செஞ்ச கூமுட்டைத்தனம். கலந்தா அரை மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் எறுகிரும்; மதுரை வெயிலுக்கு அது கூட நிச்சயமில்ல. மனுசன் ரோட்டைத் தாண்டி வராம நேரா பூக்கடைக்குப் போனார். அங்கேருந்து எலுமிச்சம்பழத்துக்கு. அங்கேருந்து சூடத்துக்கு. ஷெட்டுக்குள்ள வரும்போது பத்தே கால்.

"சூடம் காட்டாம வண்டியில கை வைக்கக் கூடாது"ன்னார். ஷெட்டுக்குள்ள தின்னர் வாடை மூக்கைத் தொளைக்குது. தீக்குச்சி கிழிச்சா மாமனார், மருமகன், ஜீப்பு எல்லாத்துக்கும் சேத்து ஒரே சூடம்தான்.

"மாமா, இங்க நெருப்பு ஆகாது. வெளிய தள்ளிக்கிருவோம்"னேன். மொகம் சுருங்கிப் போச்சு. நல்ல காரியத்துல மொத வார்த்தையே ஆகாதுன்னு சொல்லிட்டேன்ல? ரெண்டு பேருமா மூச்சு வாங்கத் தள்ளினோம். வெளிய காத்து. ஒரு குச்சி அணைஞ்சுச்சு, ரெண்டாவதும் அணைஞ்சுச்சு. நான் ரெண்டு கையையும் குவிச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன், கண்ணு மட்டும் உள்ள இருக்குற வாளி மேல. ஒரு வழியா சூடம் பத்துச்சு, பழம் நசுக்கியாச்சு. திரும்ப உள்ள தள்ளிக் கன்னைக் கையில எடுத்தேன். அவர் வாட்சைப் பாத்தார்.

"மணி பத்தரை. இனிமே பன்னெண்டுக்கு மேலதான்."

"மாமா, கலந்தாச்சு. இப்ப அடிக்கலைன்னா கல்லாயிரும்."

"கலக்கச் சொல்லி நான் சொன்னேனா?" ஜீப்புக் கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னுட்டார். அந்தக் கையை எடுங்கன்னு யாரு சொல்றது? வேற கஸ்டமரா இருந்தா சண்டை போட்டிருப்பேன். ஏழாம் மாச வயித்தோட அவ வாசல்ல நிக்கிறது கண்ணுக்குள்ள வந்துச்சு, கன்னைக் கீழ வச்சுட்டேன். ரெண்டு பேரும் பெஞ்சோட ரெண்டு கோடியில உக்காந்தோம். வாளியிலருந்து சூடு கெளம்புறது எனக்கு உக்காந்த எடத்துலயே தெரிஞ்சுச்சு. ஒண்ணும் பண்ண முடியல. அந்த ஒன்றரை மணி நேரம் மாதிரி நான் எப்பவும் உக்காந்ததில்ல.

பன்னெண்டு அடிச்சதும் அவரே எந்திரிச்சு வாளியை எட்டிப் பாத்தார். கலக்கின குச்சி நட்டுக்க நின்னுச்சு. ஆட்டிப் பாத்தார், அசையல. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். மனுசன் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

"பாத்தீகளா, ராகு காலம் என்ன பண்ணிருச்சுன்னு? இதை வண்டியில அடிச்சிருந்தா வண்டி என்னத்துக்கு ஆகும்? தப்பிச்சோம் மாப்ள!"

மாப்ள! ரெண்டு வருசத்துல மொத தடவை. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. தொழில் தெரிஞ்ச எவனும் அந்த எடத்துல சும்மா இருக்க மாட்டான். "ஆமா மாமா"ன்னேன்.

வளைகாப்புக்கு வந்தார், பழத்தட்டோட. ரெண்டாவது பந்தியில எனக்குப் பக்கத்துலயே உக்காந்தார். அந்தக் கருப்பு மருந்து சரியில்ல, நேரங்காலத்துக்குத் தாங்காது, மாப்ளையே ஒத்துக்கிட்டாருன்னு வரிசையில இருந்த அம்புட்டுப் பேருக்கும் சொன்னார். அதுல நாலு பேர் ஜீப் வச்சிருக்கிறவங்க. நான் எலையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். என் பொண்டாட்டி, உக்காருன்னு சொன்னதையும் கேக்காம, கை நெறைய வளையலோட பரிமாறிக்கிட்டே வந்தா. என் பக்கம் குனிஞ்சு, "கலந்து வச்சா தானாவே எறுகிருமுன்னுதான எனக்குச் சொல்லிக் கொடுத்தீக?"ன்னு மெதுவாக் கேட்டா.

"உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி"ன்னேன்.