பால் ஆட்டை நான் அறுத்த நாள்

எங்களிடம் இரண்டு சாதி ஆடுகள் இருந்தன. மலாயாவில் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது வாங்கியவை. ஏழு காச்சாங் ஆடுகள். குட்டையானவை, குத்திட்ட காது, எதைப் போட்டாலும் தின்னும். கறிக்கும் முனியாண்டி பூசைக்கும்தான் அவற்றை வளர்ப்பார்கள், யாரும் கறப்பதில்லை. இன்னொன்று ஜம்னாபாரிப் பெட்டை. வெள்ளை நிறம், என் இடுப்புயரம், வளைந்த மூக்கு, ஒரு சாண் தொங்கும் காது. அது பாலுக்கு.

ஜப்பான்காரன் வந்த மறுவருடம் எனக்கு மகள் பிறந்தாள். தோட்டத்தில் வேலை நின்றுபோய், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கையே தின்று கிடந்த நேரம். நாற்பது நாளில் என் மார் வற்றிவிட்டது. பிள்ளை ஜம்னாபாரிப் பாலில்தான் பிழைத்துக் கிடந்தாள்.

ஒரு நாள் காலையில் மூன்று ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் வந்தார்கள். கூடவே தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி.

"ரெண்டு ஆடு கேக்கறாங்க. பேசாம குடுத்துடுங்க" என்றார் கிராணி.

வீட்டுக்காரர் கொழுத்த காச்சாங் இரண்டை இழுத்து வந்தார். அவர்களில் பெரியவன் பார்த்துச் சிரித்தான். வெள்ளையைக் கை காட்டினான். அவன் கண்ணுக்கு அதுதானே பெரிய ஆடு.

"ஐயா, அது பால் ஆடு. கறி நாராட்டம் இருக்கும். காச்சாங் நாலு வேணும்னாலும் புடிச்சுக்கட்டும், சொல்லுங்கய்யா" என்று வீட்டுக்காரர் கிராணியிடம் கெஞ்சினார்.

கிராணி மலாய் மொழியில் ஏதோ முனகினார். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடிப்போய், "சூசூ, துவான்! பிள்ளைக்கு சூசூ!" என்று, பாலுக்கும் துரைக்கும் எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல்லை வைத்துக் கத்தினேன். அந்தப் பெரியவன் பளாரென்று அறைந்தான். பிள்ளையோடு சேற்றில் விழுந்தேன். வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். "பக்கேரோ!" என்று அவன் பாஷையில் திட்டி, துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி அவர் வலது கையில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதோடு விடவில்லை. புதர் வெட்டும் எங்கள் பாராங்கத்தியை எடுத்து அவருடைய இடது கையில் திணித்து, ஆட்டை வெட்டச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். முதுகில் இன்னொரு அடி. மண்டிபோட்டு விழுந்தவரின் கழுத்தில் துப்பாக்கிக் கத்தியை வைத்தான்.

கிராணி என் பக்கம் திரும்பினார். "யாராச்சும் அறுத்துடுங்க தங்கச்சி. இல்லேன்னா இவரக் குத்திடுவான்."

பிள்ளையை ஒரு சாக்கில் கிடத்திவிட்டுக் கத்தியை எடுத்தேன். அதுவரை ஒரு கோழிகூட அறுத்ததில்லை. தினமும் கறப்பவள் நான்தான் என்பதால் ஆடு தானாகவே என்னிடம் வந்து நின்றது. கத்தி மழுங்கல். மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது. முதல் வெட்டிலேயே அது போட்ட சத்தத்தைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். கால் உதறி அடங்கும்போது மடியிலிருந்து பால் கசிந்து ரத்தத்தில் கலந்தது. அதைத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். காச்சாங் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

மத்தியானத்துக்குள் பிள்ளை பசியில் வீறிட ஆரம்பித்தாள். மிச்சமிருந்த ஐந்து காச்சாங்கில் ஒன்று குட்டி போட்டிருந்தது. பின்னங்கால்களைக் கட்டிப்போட்டுக் கறந்தேன். உதைத்தது, நானும் அடித்தேன். அரைச் சிரட்டை தேறியது. மறுநாளிலிருந்து அதன் குட்டிகளைத் தனியே கட்டினேன். ராத்திரியும் பகலும் கத்தின. ஒரு வாரத்தில் ஒன்று செத்தது, அடுத்த வாரம் மற்றது. கத்துகிற பக்கம் நான் போகவே இல்லை. மகள் பிழைத்தாள்.

வீட்டுக்காரரின் கையை மூங்கில் வைத்துக் கட்டினோம். கோணலாகத்தான் கூடியது. சில மாதம் கழித்து, சயாமில் ரயில் பாதை போட ஆம்பளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரிசைக்கு வெளியே தள்ளினான். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை.

சண்டை முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வந்தாள். அவள் புருசனும் திரும்பாதவர்களில் ஒருவர். வாசலிலேயே நின்று கேட்டாள்:

"உன் புருசன் கைய ஒடிச்சவன், எம் புருசன் கையையும் ஒடிச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா?"

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன். உதறிவிட்டுப் போய்விட்டாள்.