திட்டில்லாத பெரட்டு

சரோஜா அக்காவை அடக்கம் செய்த அன்று நான் ஒரு சொல்லைச் சொல்லவில்லை. எல்லாரும் சொல்லச் சொன்னார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் கற்பித்த பக்கத்து வகுப்பு இரைச்சலாக இருந்தது. சொன்னதும் அடங்கியது.

அவரை அறிந்த உங்களுக்கு ஜிம்மியையும் தெரியும், வெலிமடைக் காய்கறி லொறியில் வந்திறங்கிய நாய்க்குட்டி. செருப்பைக் கடித்தால், "ஜிம்மி, இங்க வா" என்பார். வந்ததும் அதட்டுவார். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டவும் சங்கிலியில் கட்டவும் அதே அழைப்புத்தான். கடைசியில் பெயரைக் கேட்டாலே குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

ஒருநாள் தெமோதரையில் அது தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ரயில் வரும் சத்தம். அக்கா பெயர் சொல்லிக் கத்தக் கத்த அது இன்னும் தள்ளி ஓடியது. சரிவில் உருண்டு இறங்கித் தூக்கி வந்தார். முழங்கையில் ரத்தம்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டினா எதுதான் வரும்? அந்தப் பேரை நானே கெடுத்துட்டேன்."

மறுநாள் வேறு சொல் வைத்தார்: பெரட்டு. காலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிறார்களே, அதே பெரட்டு. ஜிம்மி வந்தால் ஒரு துண்டு ரொட்டி. கட்டவோ குளிப்பாட்டவோ வேண்டுமானால் கூப்பிடாமல் தானே போய்த் தூக்குவார்.

லயத்து வீடுகளில் ஒரே சிரிப்பு. ஒருநாள் வேலை எங்களுக்கு ஒரு 'பேர்' அல்லவா?

"டீச்சர், பிந்தி வந்தா அரைப் பேருங்களா?"

"இங்க எப்ப வந்தாலும் முழுப் பேருதாங்க!"

என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "எங்கப்பா பெரட்டுல வாங்காத திட்டில்ல. இந்தப் பெரட்டாச்சும் திட்டில்லாம இருக்கட்டும்."

அதன்பிறகு வகுப்பிலும் எந்தப் பிள்ளையையும் கண்டிக்கப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. எழுந்து அதன் மேசைக்குப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஜிம்மியை என்னிடம் விட்டார். "அந்தச் சொல்லக் கெடுத்துராத, தங்கச்சி."

அடக்கத்தன்று ஜிம்மி பெட்டிக்கடியில் படுத்துக்கொண்டு, கிட்டே போனவர்களைப் பார்த்து உறுமியது. பெட்டியைத் தூக்கும் நேரமாகிவிட்டது.

"நீங்க கூப்பிட்டா வருமே, டீச்சர். கூப்பிடுங்க, கட்டிப் போட்டுருவோம்."

நான் கூப்பிடவில்லை. குனிந்து போய்த் தூக்கினேன். கையில் பல் பட்டது. பிடியை விடவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை என் வாசலில் நின்று, "பெரட்டு" என்றேன். ஜிம்மி வந்தது. ரொட்டி கொடுத்தேன்.